‘எல’ என்று எழுதிய பையன்: வாசிப்போடு சேர்த்துப் பிழையில்லாமல் எழுதக் கற்றுக்கொடுத்த ஒரு வீட்டுக்கல்வி நிகழ்வு

ஒரே ஒரு பையனை வைத்து எழுதியது இது. குடும்பத்திடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம் என்றார்கள், சரி. நான் முப்பது வருடம் ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் எடுத்து ஓய்வு பெற்றவள், காரைக்குடியில் இருக்கிறேன். நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருந்த வகுப்பில் கண்ணில் படாத சில விஷயங்கள், ஒரே பிள்ளையோடு உட்கார்ந்தபோது பட்டன. நான் செய்த தப்புகளும் அதில் உண்டு.

பின்னணி

பையனுக்கு அப்போது ஆறரை வயது. பெங்களூரில் யூகேஜி முடித்திருந்தான். 2023 ஜூனில் குடும்பம் ஊருக்கு வந்தது. முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்த அப்பத்தாவைத் தனியாக விட முடியவில்லை. அப்பாவுக்குக் கணினி வேலை, எங்கிருந்தும் செய்யலாம். கானாடுகாத்தான் பக்கத்தில் ஓர் ஊர். முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலுமாக நீளும் பழைய வீடு. பங்காளிகள் விசேஷத்துக்குத்தான் வருவார்கள். மற்ற நாளில் அவ்வளவு பெரிய வளவில், அதாவது முற்றமும் தூண்களுமான உள்வீட்டில், நாலே பேர்.

இரண்டு வருடம் இருந்துவிட்டுத் திரும்பிப் போவதாகத் திட்டம். அதற்காக ஒரு பள்ளியில் சேர்த்து, பழகியதும் பிடுங்கி இன்னொன்றில் நட வேண்டாம் என்று வீட்டிலேயே படிக்க வைத்தார்கள். சட்டச் சிக்கல் வருமா என்று முதலிலேயே கேட்டார்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் வீட்டுக்கல்வியைப் பெயர் சொல்லி அனுமதிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. பின்னால் சான்றிதழ் வேண்டுமென்றால் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்குச் சமமான நிலைகள் இருக்கின்றன. அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டோம்.

பெங்களூர்ப் பள்ளியில் பார்த்த ஃபோனிக்ஸ் முறையை அம்மா அப்படியே தமிழுக்கும் கொண்டுவந்திருந்தார். எழுத்தின் பெயரை விட்டுவிட்டு ஒலியைச் சொல்வது, ஒலிகளைக் கூட்டிச் சொல்லை வாசிப்பது, காதில் விழுவதைப் பிரித்து எழுதுவது. நாலு மாதத்தில் பையன் உயிரும் மெய்யும் முழுக்கச் சொன்னான், உயிர்மெய்யில் பாதிக்கு மேல் சொன்னான். பஸ்ஸில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரைக் கூட்டி வாசித்தான். எழுதும்போதுதான் எல்லாம் கோணிக்கொண்டது. அதனால் தினமும் பத்துச் சொல், ஒவ்வொன்றும் ஐந்து தடவை என்று பார்த்து எழுத வைத்துக்கொண்டிருந்தார். விஜயதசமி கழிந்த வாரம் என்னிடம் வந்து கேட்டது இதுதான்: “டீச்சர், இப்பவே ஸ்பெல்லிங்கையும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்கலாமா, இல்ல முதல்ல வாசிக்க வரட்டும்னு விட்டுடலாமா?”

முதல் இரண்டு வாரம் பார்த்தது

செவ்வாயும் வெள்ளியும் காலை ஒன்பதரைக்குப் போவேன். முதல் நாள் இருபது சொல் எழுதச் சொன்னேன். பத்தை நான் வாயால் சொன்னேன், வகுப்பில் சொல்கிற மாதிரி ஒவ்வொரு எழுத்தும் விழும்படி. மீதிப் பத்துக்கு வாய் திறக்கவில்லை, பொருளைக் காட்டினேன். வெற்றிலைத் தட்டு, மூலையில் சாய்த்திருந்த குடை, வளவுத் தூண், பின்கட்டுக் கிணறு இப்படி.

நான் சொன்ன பத்தில் இரண்டுதான் தப்பு: வன்டி, பரவை. காட்டிய பத்தில் எட்டு தப்பு: எல, வெத்தல, வாளப்பளம், கொட, மஞ்ச, கெனரு, தூன், பன்து. சட்டியும் மாடும்தான் தப்பித்தன.

அப்பத்தா ஊன்றுகோலோடு வந்து நோட்டை எட்டிப் பார்த்தார். “என்னத்தா இது, புள்ள சரியாத்தானே எழுதியிருக்கான்?” என்று மருமகளைக் கேட்டார்.

அவர் கேட்டது நியாயம்தான். அந்த வீட்டில் யாரும் இலை என்று சொல்வதில்லை, எல என்றுதான் சொல்வார்கள். குடை கொட ஆகும், உரல் ஒரல் ஆகும், இடம் எடம் ஆகும். வெற்றிலையும் காற்றும் வெத்தலயும் காத்துமாகும். ழ இந்தப் பக்கத்துப் பேச்சில் பெரும்பாலும் ள-தான். பையன் காதில் விழுந்ததில் ஒரு ஒலியைக்கூட விடாமல் எழுதியிருந்தான். ‘கேட்பதைப் பிரித்து எழுது’ என்று சொல்லிக்கொடுத்ததைச் சுத்தமாகச் செய்திருந்தான். பேச்சை எழுதியிருக்கிறான், அவ்வளவுதான். எத்தனை வருடம் இதே ‘காத்து’க்குச் சிவப்பு மையால் அடித்திருக்கிறேன் என்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன்.

வாசிக்கும்போது வேறொரு கோளாறு. பகல் என்பதைப் பக்கல் என்று வாசித்தான், முகம் முக்கம் ஆயிற்று. இது ஃபோனிக்ஸ் வழியாக வந்தது. ஓர் எழுத்துக்கு ஓர் ஒலி என்று அம்மா சொல்லியிருந்தார். தமிழில் க, ச, ட, த, ப எல்லாம் இடத்துக்கு ஏற்ப மாறும். கடலில் வல்லெனத் தொடங்கும் க, பக்கத்தில் இரட்டித்து இன்னும் இறுகும், தங்கத்தில் மெல்லெழுத்துக்குப் பின்னால் அதிரும், பகலில் நடுவில் தனியாக நின்று தளரும். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கு இதைப் பாடமாகச் சொல்ல வேண்டியதில்லை. “நீ அப்பத்தாகிட்ட எப்படிச் சொல்லுவே?” என்று கேட்டால் போதும், வாய் தானாகத் திரும்பிவிடும். நாலைந்து நாளில் அது சரியாகிவிட்டது.

மூன்றாவதை நான் பார்த்ததே தற்செயல். பார்த்து எழுதும் நோட்டில் ‘வாழைப்பழம்’ ஐந்து வரிசை அழகாக இருந்தது. எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்தேன். முதலில் ‘வா’வை மேலிருந்து கீழாக ஐந்து தடவை போட்டான். அப்புறம் ‘ழை’ ஐந்து, பிறகு ‘ப்’ ஐந்து. சுவருக்குச் செங்கல் அடுக்குகிற மாதிரி. ஐந்து தடவை எழுதியும் ஒரு தடவைகூட அந்தச் சொல் அவன் கை வழியாக முழுசாகப் போகவில்லை.

நாலாவது, சாப்பாட்டு நேரம். “அப்பத்தா, எல போடவா?” என்று கேட்டால் அம்மா, “இலைன்னு சொல்லு” என்பார். நல்ல எண்ணம்தான். ஆனால் நான் ஒரு வெள்ளிக்கிழமை அங்கே சாப்பிட்டபோது பையன் வாயே திறக்கவில்லை, கையைக் காட்டித்தான் எல்லாம் கேட்டான். அப்பத்தாவுக்கும் மனத்தாங்கல். அவர் பேசுவதும் அதே பேச்சுதானே.

எடுத்த முடிவுகள்

அம்மாவின் கேள்விக்கு நான் சொன்ன பதில்: சேர்த்தே செய்யலாம், இப்போதே. ‘வாசிக்க வந்தால் எழுத்து தன்னால் வரும்’ என்று எங்கள் பள்ளிகளிலும் சொல்வதுண்டு. ஆனால் ‘பழம்’ என்று அச்சில் இருப்பதைப் பார்த்துப் ‘பளம்’ என்று வாசித்தாலும் பொருள் வந்துவிடுகிறது. அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறான். அந்த ழ-வைக் கண் நின்று பார்க்க வேண்டிய அவசியமே வாசிப்பில் வருவதில்லை. எழுதும்போதுதான் எந்த எழுத்து என்ற கேள்வி எழுகிறது. வாசித்த சூட்டோடு அதே சொல்லை எழுதினால் அந்தக் கேள்விக்குப் பதில் கண்முன்னால் இருக்கும். ஆறு மாதம் கழித்து எழுதினால் அவனுக்குத் துணை காது மட்டும்தான், அது எல என்றுதான் சொல்லும்.

பத்துச் சொல் ஐந்து தடவையை நிறுத்தினோம். ஒரு நாளைக்கு நாலு சொல், அன்று வாசித்த பாடத்திலிருந்தே. பார்க்க வேண்டும், வாய்விட்டு வாசிக்க வேண்டும், அட்டையைக் கவிழ்க்க வேண்டும், முழுச் சொல்லையும் ஒரே மூச்சில் எழுத வேண்டும், அட்டையைத் திருப்பி எழுத்து எழுத்தாக அவனே ஒப்பிட வேண்டும். திருத்துவது அவன் வேலை, எங்கள் வேலை இல்லை.

பேச்சைத் திருத்தக் கூடாது என்பது இரண்டாவது முடிவு. எல என்பது வீட்டுப் பேச்சு, இலை என்பது புத்தகப் பேச்சு, இரண்டும் அவனுக்குச் சொந்தம். அம்மா இதற்குக் கொஞ்சம் தயங்கினார். பெங்களூரில் தன் தமிழைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு என்றார். நான் வாதாடவில்லை, சாப்பாட்டு நேரத்தை மட்டுமாவது விட்டுவிடுங்கள் என்றேன்.

மூன்றாவது, தப்புகளை வகை பிரித்தோம். அப்பத்தா பரணிலிருந்து மூன்று பனையோலைக் கொட்டான்களை (சின்னக் கூடைகளை) இறக்கித் தந்தார். சிவப்புக் கொட்டானில் வீட்டுப் பேச்சும் புத்தகப் பேச்சும் மாறுகிற சொற்கள். அட்டையில் ஒரு பக்கம் எல, மறுபக்கம் இலை. பச்சைக் கொட்டானில் விதி தெரிந்தால் தப்பே வராத சொற்கள்: பந்து, வண்டி, கன்று. சாயம் போடாத மூன்றாவது கொட்டானில் காதும் உதவாத, விதியும் உதவாத சொற்கள்: பறவை, கிணறு, பணியாரம், தூண். கூரைக்கு எந்த ர என்று யாரும் காதால் சொல்ல முடியாது, பார்த்து மனசில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். ஒவ்வொரு தப்பும் எந்தக் கொட்டான் என்று அவனையே கேட்போம். மூன்றாவதற்கு அவன் வைத்த பெயர் ‘பாவம் கொட்டான்’. ஏன் பாவம் என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

ஆங்கிலத்தில் என்ன செய்தோம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் 26 எழுத்துகளைக் கொண்டு சுமார் 44 ஒலிகளை எழுத வேண்டியிருக்கிறது, ‘க்’ ஒலிக்கு மட்டும் சி, கே, சி-கே என்று பல வழி. பையன் ‘கேக்’ என்பதை கே-ஏ-கே என்று எழுதுவான். ஒலிப்படி பார்த்தால் குற்றம் சொல்ல முடியாது. அவனாக எழுதும் கதையில் அப்படியே விட்டுவிடுவது, ஆனால் அந்த வாரம் சொல்லிக்கொடுத்த ஒலியை மட்டும் சரியாக எழுதக் கேட்பது என்று வைத்துக்கொண்டோம். குறில் ஒலிக்குப் பின் ‘க்’ என்று முடியும் சின்னச் சொற்களில் சி-கே வரும், ‘டக்’, ‘கிக்’ போல. இதைப் படித்த வாரம் அந்த மாதிரிச் சொல் எட்டு, அதற்கு மேல் இல்லை. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் தனித்தனி நோட்டு, நடுவில் அரை மணி விளையாட்டு. அது மெதுவாக நகர்ந்தது. என் கவனம் தமிழில்தான் இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஜோடி எழுத்துகளும் ‘அம்புள்ள ஆயா’வும்

நவம்பர் கடைசியில் பச்சைக் கொட்டானை எடுத்தோம். ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற என்று ஆறு ஜோடி. மெல்லெழுத்து முன்னால், அதன் கூட்டாளி பின்னால். மூணு சுழி, ரெண்டு சுழி என்று நாம் சொல்லும் எழுத்துகளுக்குப் பழைய பெயரே இந்த ஜோடியை வைத்துத்தான் இருக்கிறது: ட-வோடு வருவதால் டண்ணகரம், த-வோடு வருவதால் தந்நகரம், ற-வோடு வருவதால் றன்னகரம். சுழியை எண்ணுவதைவிட இது பையனுக்குப் பிடித்துவிட்டது. டண்ணகரம் டண்ணகரம் என்று மணியடிக்கிற மாதிரி சொல்லிக்கொண்டு வளவைச் சுற்றுவான். வன்டியும் பன்தும் இரண்டு வாரத்தில் போய்விட்டன. சொல்லின் முதலில் ந-தான் வரும், ண-வும் ன-வும் வராது என்று சொன்னதும் நம்பாமல் நாள்காட்டி முழுக்கத் தேடினான், கிடைக்கவில்லை.

விதி பலித்த மகிழ்ச்சியில் நான் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லிவிட்டேன். “எப்பவும் இப்படித்தான்.”

பொங்கலுக்குத் தேவகோட்டையில் இருக்கும் ஆயாவுக்கு (அம்மாவின் அம்மாவுக்கு) வாழ்த்து எழுதினான். ‘அம்புள்ள ஆயாவுக்கு’ என்று தொடங்கியிருந்தது. ப-வுக்கு முன்னால் ம், டீச்சர் சொன்னது. அம்மா அன்புள்ள என்று எழுதிக் காட்டியதும் பையன் என்னிடம் வந்து, “நீங்க எப்பவும்னு சொன்னீங்க” என்றான்.

அவன் சொன்னது சரி. உறுதியான ஜோடி மூன்றுதான். ஒரே சொல்லுக்குள் ட-வுக்கு முன் ண், த-வுக்கு முன் ந், ற-வுக்கு முன் ன். இதை நம்பி எழுதலாம். க, ச, ப முன்னால் அவற்றின் ஜோடிதான் அதிகம் வரும், ஆனால் ண்-ணும் ன்-னும் வரலாம்: அன்பு, நண்பன், வெண்கலம், இன்சொல். ஆறையும் ஒரே உறுதியோடு சொன்னது என் தப்பு. தப்பு என்று அவனிடமே சொல்லி, ஆறு அட்டையில் மூன்றைக் கெட்டியான நூலாலும் மூன்றைத் தளர்ந்த நூலாலும் கட்டினோம். அன்பு பாவம் கொட்டானுக்குப் போயிற்று.

ழ வந்ததும் ள போனதும்

பிப்ரவரியில் ழ. அந்த வீட்டில் ழ யார் வாயிலும் இல்லை, என் வாயிலும் பாடம் நடத்தும்போது மட்டும்தான் உண்டு. கைக்கண்ணாடியைக் கொடுத்து நாக்கைப் பார்க்கச் சொன்னேன். ல-வுக்கு நாக்கு மேல்பல்லுக்குப் பின்னால் போய் ஒட்டும். ள-வுக்கு வளைந்து மேலே ஒட்டும். ழ-வுக்கு வளையும், ஆனால் ஒட்டாது. நுனிநாக்கு அண்ணத்தை வருடுவதால் பிறப்பது என்று நன்னூல் இதை ர-வோடு சேர்த்துச் சொல்கிறது. பையனுக்கு ‘வருடுவது’ என்றால் என்னவென்று தெரியவில்லை, பூனையைத் தடவுகிற மாதிரி என்றேன். ஒரு வாரம் முழுக்க ‘வாழைப்பழம்’ வளவில் எதிரொலித்தது. மூன்று வாரம் ழ மட்டும்தான் செய்தோம்.

மார்ச் முதல் வாரம் அம்மாவிடமிருந்து படம் வந்தது. குழம் (குளம்), கிழி (கிளி), வாழி (வாளி), பழ்ழி. ஏற்கெனவே சரியாக எழுதிய பள்ளிகூடப் போய்விட்டது.

காரணம் பார்த்தால் எளிது. வீட்டுப் பேச்சில் ள-வும் ழ-வும் ஒரே ஒலி. அந்த ஒலி கேட்டால் இதுவரை ள போட்டான். நான் மூன்று வாரம் ழ-வைப் புகழ்ந்ததும், அதே ஒலிக்கு ழ போடத் தொடங்கிவிட்டான். ள-வைப் பக்கத்தில் வைக்காமல் ழ-வைத் தனியாகக் கற்றுக்கொடுத்தால் இப்படித்தான் ஆகும். இந்த மாதிரி ஆகும் என்று முப்பது வருடத்தில் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதே நேரத்தில் இன்னொன்றும் நடந்தது. நான் வராத சனிக்கிழமைகளில் அம்மா இருபது சொல் தேர்வு வைத்துக்கொண்டிருந்தார், சிவப்புப் பேனாவோடு. இருபதில் பதினாலு தப்பான அன்று பையன் பென்சிலைக் கீழே வைத்தவன், ஒன்பது நாள் எடுக்கவில்லை. கெஞ்சியும் பார்த்தார்கள், அதட்டியும் பார்த்தார்கள்.

பத்தாவது நாள் நான் நோட்டைக் கேட்கவே இல்லை. ஒரு டம்ளர் தண்ணீரோடு வளவில் உட்கார்ந்தோம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, வழவழவென்று இருக்கும். விரலைத் தண்ணீரில் நனைத்து, ஒரு கல்லுக்கு ஓர் எழுத்தாகக் ‘குளம்’ என்று நான் எழுதினேன். மார்ச் மாத வெயிலுக்குக் ‘கு’ முதலில் காய்ந்தது, பிறகு ‘ள’, கடைசியில் ‘ம்’. அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். பக்கத்துக் கல்வரிசையில் ‘குழம்பு’ என்று எழுதினேன். அதுவும் காய்ந்தது. அப்புறம் அவனே விரலை நனைத்து, நான் எழுதிய அதே கற்களில் முதலில் குளம், பிறகு குழம்பு என்று எழுதினான். ‘ழ’ எழுதும்போது மட்டும் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. தப்பாக எழுதினாலும் ஒரு நிமிஷத்தில் தானே போய்விடும், யாரும் அடிக்க வேண்டியதில்லை. அன்று முக்கால் மணி நேரம் எழுதினான்.

அதிலிருந்து ள-வையும் ழ-வையும் பிரிக்கவில்லை. குளம் குழம்பு, வாளி வாழை, பள்ளம் பழம், கிளி கிழி என்று எதிரெதிரே. புத்தகப் பேச்சுக் குரலில் வாசிப்பது, தரையில் எழுதுவது, மூன்றாம் நாள் நோட்டில். ஒரு விதி மட்டும் கைகொடுத்தது: ர-வும் ழ-வும் தமிழில் இரட்டிக்காது. இரட்டித்தால் ற்ற, ல்ல, ள்ள தான். பழ்ழி ஒரே நாளில் ஒழிந்தது. ர்ர என்று எங்காவது இருக்கிறதா என்று மறுபடி நாள்காட்டியைப் புரட்டினான். தனி ள, ழ ஏப்ரல் வரை இழுத்தது.

அப்பத்தாவின் நோட்டு

சித்திரை வெயிலில் அப்பத்தா அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தபோது பழைய விசேஷக் கணக்கு நோட்டு ஒன்று வெளியே வந்தது. எத்தனை படி அரிசி, எத்தனை கட்டு வெற்றிலை, யார் வீட்டுக்கு எத்தனை தேங்காய். பையன் எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டே போனவன் வெற்றிலையில் நின்றான். அதில் லை வேறு மாதிரி இருந்தது. முன்னால் சங்கிலிக்கொம்பு இல்லை, யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு. னா-வும் றா-வும் சுருண்டு கிடந்தன.

“அப்பத்தா, உங்களுக்கு லை எழுதத் தெரியல!” அவ்வளவு மகிழ்ச்சி.

அப்பத்தா சிரித்துவிட்டு, “எங்க காலத்துல அதுதாண்டா லை” என்றார். 1978-இல் தமிழக அரசு ணா, றா, னா, ணை, லை உள்பட 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியதையும், 1935-லிருந்தே பெரியார் தன் இதழ்களில் அந்தப் புது வடிவத்தை எழுதிவந்ததையும் நான் சொன்னேன். பெரியார் பகுதி அவன் காதில் ஏறவில்லை. எழுத்தை ஆட்கள் மாற்றலாம் என்பது மட்டும் ஏறியது. இரண்டு நாள் தும்பிக்கை லை-யாகவே எழுதித் தள்ளினான். நாங்கள் தடுக்கவில்லை, மூன்றாம் நாள் அவனே விட்டுவிட்டான்.

அதற்குப் பிறகு வந்ததுதான் இந்த எட்டு மாதத்தில் நான் திட்டமிடாமல் கிடைத்த நல்ல பாடம். பழைய நோட்டைப் பார்த்த உற்சாகத்தில் அப்பத்தா கடைச் சீட்டு எழுதும் வேலையை அவனுக்குக் கொடுத்தார். “வெத்தல ரெண்டு கட்டு, தேங்கா மூணு, அரக்கிலோ உளுந்து, மஞ்ச நூறு” என்று அவர் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். காதில் விழுவது வீட்டுப் பேச்சு, தாளில் போக வேண்டியது புத்தகப் பேச்சு. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு நொடி நிற்பான். வெத்தல... வெற்றிலை. சிவப்புக் கொட்டான் அட்டையை மனசுக்குள் திருப்புவது முகத்திலேயே தெரியும். நான் புத்தகக் குரலில் சொல்லி எழுத வைத்த எதிலும் இந்த வேலை இல்லை.

முதல் சீட்டில் ‘அறை கிலோ உளுந்து’ என்று இருந்தது. கடைக்காரர் எதுவும் சொல்லாமல் அரைக் கிலோ கொடுத்தனுப்பினார். அம்மா தப்பைக் காட்டியதும் பையன் கேட்டான்: “அவருக்குப் புரிஞ்சிருச்சுல்ல? அப்புறம் ஏன் சரியா எழுதணும்?” அறை என்றால் ரூம், அரை என்றால் பாதி, யாராவது குழம்பிவிடலாம் என்றேன். “ரூம் கிலோ யார் கேப்பாங்க?” என்றான். நல்ல பதில் என்னிடம் அன்று இல்லை. எல்லாரும் இப்படித்தான் எழுதுகிறோம், நீயும் எங்களோடு சேர்ந்துகொள் என்று ஏதோ சொன்னேன். அவன் ஒத்துக்கொண்டதாகத் தெரியவில்லை, ஆனால் அடுத்த சீட்டில் அரை என்றே இருந்தது.

எட்டு மாதத்துக்குப் பிறகு

2024 ஜூன் கடைசியில் முதல் நாள் செய்ததையே மறுபடி செய்தோம், அதே இருபது சொல், அதே பொருட்கள். காட்டிய பத்தில் ஒரே தப்பு: கிணரு. சொன்ன பத்தில் ஒன்றுமில்லை. ஆனால் இவை அவன் பல தடவை கையாண்ட சொற்கள். அதனால் புதிதாகப் பத்துப் பொருள் காட்டினேன். அதில் நாலு தப்பு, நாலும் ர-ற, ன-ண வகை. எல, கொட வகைத் தப்பு ஒன்றும் இல்லை, வண்டி, பந்து வகையும் இல்லை. ழ-வில் அடிக்கடி வாசித்த சொல் என்றால் சரியாக வந்தது. புதுச் சொல் என்றால் என்னைப் பார்ப்பான். நான் வாய் அசைக்கிறேனா என்று.

வாசிப்பு எதிர்பார்த்ததைவிட முன்னே போயிருந்தது. ஒரு பக்கக் கதையைத் தடங்கலில்லாமல் வாசித்தான். எழுதுவதைச் சேர்த்ததால் வாசிப்பு மெதுவாகிவிடும் என்று அம்மா பயந்திருந்தார், அது நடக்கவில்லை. ஆங்கிலத்தில் பெங்களூர் நண்பர்களைவிடப் பின்தங்கியிருக்கிறான் என்று அப்பாவுக்குக் கவலை உண்டு, உண்மையும்கூட. ஆனால் ஒரு நாள் ஆங்கில நோட்டில் ஒரு சொல்லைக் காட்டி, “இது பாவம் கொட்டான்” என்று அவனே சொன்னதாக அம்மா எழுதியிருந்தார்.

சாப்பாட்டு நேரத்தில் மறுபடி பேச்சு வந்துவிட்டது. எல என்றுதான் கேட்கிறான்.

மறுபடி செய்தால் மாற்றுவது

கடைச் சீட்டை முதல் மாதமே தொடங்குவேன். ஐந்து மாதம் நான் அட்டையால் செய்ததை அது பத்து நாளில் செய்தது.

ழ-வைத் தனியாக எடுக்க மாட்டேன். ள-வோடு சேர்த்து, அதுவும் ஒரு நாளைக்கு ஒரே ஒரு ஜோடி. நாக்குப் பயிற்சி வேண்டாம் என்று சொல்லவில்லை, அவனுக்கு அது பெரிய விளையாட்டு. ஆனால் நாக்கு கற்றதைக் கை தானாகக் கற்றுவிடாது.

விதியைச் சொல்லும்போது எதற்கு அது பொருந்தாது என்பதையும் அதே நாள் சொல்வேன். ஆறரை வயதுக்கு விதிவிலக்கு கனம் என்று வகுப்பில் நாங்கள் நினைத்துக்கொள்வோம். இவன் தாங்கினான், ஏமாற்றியதைத்தான் தாங்கவில்லை.

தேர்வைப் பற்றி அம்மாவிடம் முதலிலேயே பேசியிருக்க வேண்டும். நான் வாரம் இரண்டு நாள் வருகிறவள், மற்ற ஐந்து நாள் அவருடையது. என்ன செய்ய வேண்டும் என்று சொன்னேன், எதைச் செய்ய வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த ஒன்பது நாளில் பாதி என் கணக்கில்தான் சேரும்.

ர-ற, ன-ண விஷயத்தில் புதிதாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நிறைய வாசிக்க வேண்டும், வாசித்ததை எழுத வேண்டும், பொறுக்க வேண்டும். ஆகஸ்டில் கடைசியாகப் போனபோது சிவப்புக் கொட்டானில் அப்பத்தா வெற்றிலை வைத்திருந்தார். பச்சையில் பையனின் கோலிக்குண்டுகள். பாவம் கொட்டானில் மட்டும் நாற்பத்தொரு அட்டை, மேலே கிணறு.